வயிறு கேட்காத உணவு: மனத்தின் பாரத்தை உண்டு ஆற்றும் பழக்கத்திலிருந்து மீளும் முறை

கோலாலம்பூரில் உணவு கிடைக்காத நேரம் என்று ஒன்று இல்லை. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நள்ளிரவிலும் மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறார்கள். கைப்பேசியைத் தட்டினால் நாசி கோரேங் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. இத்தகைய ஊரில், உடல் பருமனோடு வாழும் ஒருவர் பகல் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, வேலையிடத்தில் வாங்கிய ஏச்சோ வீட்டில் எழுந்த சச்சரவோ மனத்தை அழுத்தும் இரவு வேளையில், வயிறு கேட்காத உணவை வயிறு வலிக்கும்வரை உண்டு, பிறகு தம்மையே வெறுத்துக்கொள்வது அரிதான செய்தியன்று. அவருக்காகவும் அவரோடு வாழ்பவர்களுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

உளவியல் இதற்குச் சோதித்துப் பார்த்த வழிகளை வைத்திருக்கிறது. அவற்றை எந்த வரிசையில் தொடங்குவது என்பதுதான் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. பெரும்பாலோர் கட்டுப்பாட்டை இறுக்குவதில் தொடங்குகிறார்கள். அந்த இறுக்கமே அவர்களை மீண்டும் தடுமாற வைக்கிறது. என் கருத்தில், ஒருவர் மீண்டு வருவதைத் தீர்மானிப்பது அவர் அளவுமீறி உண்ட இரவைக் காட்டிலும் அதற்கு மறுநாள் காலையில் அவர் என்ன செய்கிறார் என்பதே. இங்கே சொல்லப்படும் முறைகள் எல்லாம் அந்தக் காலையை நோக்கியே செல்கின்றன.

காரணத்தைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடையே இந்த விகிதம் மிகுதியாக இருப்பதை 2019ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தொட்டுவிட்ட ஒன்றைத் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. மரபணுக்கள், தூக்கக் குறைவு, இரவு வேலை, குறைந்த செலவில் நிறைந்த எண்ணெயும் சீனியும் கிடைக்கும் சூழல், ஸ்டீராய்டு, இன்சுலின், ஓலன்சபின் போன்ற மருந்துகள் என்று காரணங்கள் பல. உணர்ச்சிவயப்பட்டு உண்ணுதல் அவற்றுள் ஓர் இழை மட்டுமே. பருமனாக உள்ள எல்லாரும் அவ்வாறு உண்பதில்லை. மெலிந்தவர்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. ஆகவே, இது உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை உங்கள் அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்யுங்கள். உடம்பைப் பார்த்துப் பிறர் சொல்வதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம்.

பழக்கம் ஏன் இவ்வளவு வலுவாக ஒட்டிக்கொள்கிறது? காரணம் எளியது: அது சில நிமிடங்களுக்கு உண்மையாகவே வேலை செய்கிறது. இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த உணவு வாயில் பட்டவுடன் மனத்தின் இறுக்கம் சற்றுத் தளர்கிறது; கசப்பான நினைவிலிருந்து கவனம் விலகுகிறது; மூளை இந்த நிவாரணத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதே இறுக்கம் வரும்போது அதே உணவை நினைவூட்டுகிறது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹில்டே புரூக், குழந்தை எதற்காக அழுதாலும் உணவையே கொடுத்து அடக்கினால், பசியையும் மற்ற வேதனைகளையும் பிரித்தறியும் திறன் அதற்கு வளராமல் போகலாம் என்று கருதினார். நம் வீடுகளில் விழுந்து அழும் பிள்ளைக்கு பிஸ்கட்டும் மைலோவும் கொடுப்பது அன்பால்தான். பெற்றோரைக் குறை சொல்ல இதை இங்கே எழுதவில்லை. ஆனால் கற்றுக்கொண்ட ஒன்றாக இருப்பதால், மாற்றியும் கற்றுக்கொள்ள முடியும் என்பதே இதில் நமக்குப் பயன்படும் செய்தி.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் எடைக்குறைப்புச் சிகிச்சை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுச் செல்வதைக் கவனித்தார். அவர்களிடம் பொறுமையாகக் கேட்டபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பதும், பெருத்த உடம்பு தங்களுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது என்று சிலர் உணர்ந்ததும் தெரியவந்தன. அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்ததுதான் ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து அவர் 1998இல் வெளியிட்ட, சிறுவயதுத் துன்பங்களுக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு. உங்கள் வாழ்க்கையிலும் இத்தகைய காயம் இருக்குமானால், கீழே வரும் பயிற்சிகளைத் தனியாகத் தொடங்காமல், பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு தொடங்குவதே பாதுகாப்பு. உணவு தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பாரத்தை வேறொரு தாங்கல் அமைவதற்கு முன்பே உருவிவிடக் கூடாது.

முதல் வேலை: வேளை தவறாமல் உண்பது

உண்பதைக் குறைக்க வந்தவரிடம் உண்ணச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் இதுவே அடித்தளம். 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் செய்த ஒரு சோதனையில், எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வருபவர்களுக்கும் அவ்வாறு கட்டுப்படுத்தாதவர்களுக்கும் முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் வயிற்றில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள்; கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ கூடுதலாக உண்டார்கள். ‘இன்றைய கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது’ என்ற எண்ணம் ஒருவரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை அந்தச் சோதனை காட்டியது. அதற்கும் முன்பு, 1944, 1945ஆம் ஆண்டுகளில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 36 இளைஞர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் பாதிப் பட்டினியில் இருந்தபோது, உணவைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதவர்களாகவும் எரிச்சலும் சோர்வும் மிகுந்தவர்களாகவும் மாறினார்கள். பட்டினி முடிந்த பிறகு அவர்களில் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். உடலும் மனமும் நலமாக இருந்த இளைஞர்களுக்கே அதுதான் நேர்ந்தது.

காலையில் வெறும் தேத்தண்ணி, மதியம் வேலை மும்முரத்தில் ஒன்றுமில்லை, மாலையில் போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம், இரவு ஒன்பது மணிக்கு வீடு என்று ஓடும் ஒருவரின் இரவு உணவு கட்டுக்குள் நிற்காததற்கு உணர்ச்சி மட்டுமே காரணமில்லை. உடம்பு பகல் முழுவதும் சேர்த்து வைத்த பசியும் அதில் கலந்திருக்கிறது. எனவே முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எடையைப் பற்றி நினைக்காமல், நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு சிறு உணவுகளும், இரண்டு உணவுக்கு நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, கைப்பிடிக் கச்சான், ஒரு கொய்யாப்பழம் என்று எளிதாகக் கிடைப்பவை போதும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்பவர்கள், கடிகாரத்தைப் பார்க்காமல் தாங்கள் விழித்த நேரத்திலிருந்து இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை விரதமும் தைப்பூச விரதமும் இருப்பவர்கள், அதை வழிபாடாகவே வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்கும் வழியாக அதை மாற்றினால், விரதம் முடிந்த மறுநாளே பழைய சுழல் தொடங்கிவிடுகிறது.

தூக்கத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சிறு ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விடப்பட்ட இளைஞர்களுக்கு, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. நள்ளிரவுக்கு மேல் வரும் ஆசையை எதிர்த்துப் போராடுவதைவிட, ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பது பல வேளைகளில் எளிய தீர்வு.

குறிப்பேடு: எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது

கலோரிகளை எழுத வேண்டாம். அது மீண்டும் கணக்குக்கும் குற்றவுணர்வுக்கும் இழுத்துச் செல்லும். என்ன உண்டீர்கள், எப்போது, எங்கே, யாருடன், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, மனம் எப்படி இருந்தது, உண்ட பிறகு எப்படி இருந்தது என்பவற்றை இரண்டு மூன்று வரிகளில், உண்ட உடனேயே எழுதுங்கள். படுக்கைக்குப் போகும்போது நினைவிலிருந்து எழுதினால், மனம் அதற்குள் தன்மீதே தீர்ப்புக் கூறி முடித்திருக்கும். ‘இரவு 10.40. சமையலறையில் நின்றபடியே அரை டப்பா முறுக்கு. அக்காவுடன் போனில் அம்மாவின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசி முடித்தவுடன். நெஞ்சு படபடப்பு. உண்ணும்போது ஒன்றும் தோன்றவில்லை. பிறகு வெட்கம்.’ இவ்வளவு போதும். எழுத விருப்பமில்லாதவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம்.

இதில் கடினமான பகுதி மனம் எப்படி இருந்தது என்பதே. ‘மனசு சரியில்லை’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எரிச்சலா, ஆற்றாமையா, சலிப்பா, தனிமையா, அவமானமா, பயமா, ஏக்கமா, வெறும் அசதியா என்று ஒரு படி உள்ளே போய்ப் பாருங்கள். உணர்ச்சிக்குச் சரியான பெயரைச் சூட்டுவதே அதன் வேகத்தை ஓரளவு தணிக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, ஒவ்வோர் உணர்ச்சிக்கும் மருந்து வேறு. பெயர் தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.

இரண்டு வாரக் குறிப்புகளை ஒருசேரப் படித்தால் ஏதோ ஓர் ஒழுங்கு தென்படும். ஒருவருக்கு அது சம்பளத்துக்கு முந்திய வாரமாக இருக்கும். இன்னொருவருக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் முதல் அமைதியான அரை மணி நேரமாக இருக்கும். வேறொருவருக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களாகவோ, மேலாளரோடு கூட்டம் நடக்கும் திங்கட்கிழமையாகவோ இருக்கும். நாள் முழுவதும் கட்டுப்பாடு தேவை என்று அஞ்சிக்கொண்டிருந்தவர், உண்மையில் கவனம் தேவைப்படுவது வாரத்தில் சில மணி நேரங்களுக்குத்தான் என்று காணும்போது, மனத்தில் ஒரு விடுதலை பிறக்கிறது.

ஆசை எழும் அந்தச் சில நிமிடங்கள்

ஆசை எழுந்தவுடன் முதலில் கேட்க வேண்டியது, இது வயிற்றுப் பசியா என்பது. வயிற்றுப் பசி மெல்ல மெல்ல வளரும். சோறும் குழம்பும் கிடைத்தாலும் அடங்கும். போதும் என்ற நிறைவு வரும். மனத்திலிருந்து எழுவது திடீரென்று வரும்; குறிப்பிட்ட ஒன்றையே கேட்கும்; வயிறு நிறைந்த பிறகும் நிற்காது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு என்பதால் இதை ஒரு தேர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐயம் இருந்தால், கடைசியாக உண்டு நான்கு மணி நேரம் ஆகியிருந்தால், உண்ணுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் திடீர்ப் பசியோடு கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் ஆகியவற்றை உணர்ந்தால், அதை உணர்ச்சி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வசதியில்லாவிட்டால், தாமதிக்காமல் சீனி கரைத்த நீரோ இனிப்புப் பானமோ அருந்துங்கள். அவ்வாறு அடிக்கடி நேர்ந்தால் மருந்தளவை மருத்துவரிடம் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.

மனத்திலிருந்து எழும் ஆசை என்று தெரிந்தால், அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் போதைப் பழக்கங்களுக்காக வகுத்த ஒரு முறை இங்கும் உதவுகிறது. ஆசை ஒரு கடலலை போல எழுந்து, உச்சிக்குப் போய், தானே கரைகிறது. அதை எதிர்த்து நிற்பவரை அது புரட்டிவிடும், அதன்மேல் மிதப்பவரைக் கடந்து போய்விடும் என்றார் அவர். செய்ய வேண்டியது இதுதான். சமையலறையிலிருந்து வெளியே வந்து ஓரிடத்தில் அமருங்கள். ஆசை உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, நெஞ்சிலா, தாடையிலா, கைவிரல்களிலா. மூச்சை வழக்கத்தைவிட நீட்டி வெளியே விட்டுக்கொண்டு, அந்த இடத்தையே கவனியுங்கள். அது கூடுகிறதா, குறைகிறதா, இடம் மாறுகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டாம். பத்து நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம் நீண்டதாகத் தோன்றும். மூன்று நிமிடம் இருந்தாலும் அது பயிற்சியே.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் வேண்டும் என்றால், உண்ணுங்கள். இதை நான் சலுகையாகச் சொல்லவில்லை. முறையின் ஒரு பகுதியாகவே சொல்கிறேன். தடை செய்யப்பட்டது என்ற எண்ணம் ஆசையை வளர்க்கும். வேண்டிய அளவைத் தட்டில் எடுத்து, பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து, தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாமல், சுவை எத்தனையாவது வாயில் மங்கத் தொடங்குகிறது என்று கவனித்து உண்ணுங்கள். ஜீன் கிறிஸ்டெல்லர் என்ற உளவியலாளர் உருவாக்கிய கவன உணவுப் பயிற்சியின் அடிப்படை இதுவே. நாம் ஓடிப்போய் உண்ட அந்த லட்டு, மூன்றாவது வாய்க்கு மேல் நினைத்த அளவு சுவைக்கவில்லை என்பதைப் பலர் அப்போதுதான் முதன்முறையாக அறிகிறார்கள்.

அடுத்து, குறிப்பேட்டில் கண்ட நேரங்களுக்கு முன்கூட்டியே ஒரு மாற்றைத் தீர்மானித்து வையுங்கள். ‘இனி உணர்ச்சிக்காக உண்ண மாட்டேன்’ என்ற பொதுவான உறுதி பயன்படாது. ‘இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று நேரத்தையும் இடத்தையும் செயலையும் இணைத்து வைக்கும் திட்டமே மனத்தில் நிற்கும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரை இதை விரிவாக விளக்கியது. ‘வேலை முடிந்து காரில் ஏறும்போது எரிச்சலாக இருந்தால், வண்டியை எடுப்பதற்கு முன்பு இரண்டு பாட்டு கேட்டுவிட்டே கிளம்புவேன்.’ ‘பிள்ளைகள் தூங்கியவுடன் தனிமையாக உணர்ந்தால், சமையலறைக்குப் போகாமல் மாடிக் காற்றில் தங்கையை அழைப்பேன்.’ மாற்று அந்த உணர்ச்சிக்குப் பொருந்த வேண்டும். கோபத்துக்கு உடம்பை அசைப்பது உதவும். தாமானைச் சுற்றி வேகமாக ஒரு நடை, துணி துவைத்தல், பாத்திரம் தேய்த்தல் எதுவும் ஆகலாம். தனிமைக்கு மனிதக் குரல் வேண்டும். தனியாக நடப்பது அதைக் கூட்டிவிடக்கூடும். அசதிக்குப் படுக்கையே விடை. கடன், மாமியார், மேலாளர் என்று உண்மையான சிக்கல் பின்னால் இருந்தால், மூச்சுப் பயிற்சி அதைத் தீர்க்காது. அந்தச் சிக்கலுக்கென்றே ஒரு தாளை எடுத்து, இந்த வாரம் செய்யக்கூடிய ஒன்றை எழுத வேண்டும். தன்னைத் தேற்றிக்கொள்ளும் யோசனைகளை அள்ளித் தரும் கட்டுரைகள் இந்தக் கடைசி வகையை விட்டுவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது, ஏனென்றால் நம் குடும்பங்களில் பலருடைய இரவு உணவுக்குப் பின்னால் இருப்பது பணக்கவலைதான்.

மறுநாள் காலை

இவை அனைத்தையும் செய்தாலும் ஒருநாள் அளவுமீறி உண்பீர்கள். அதை முறையின் தோல்வியாகக் கருத வேண்டாம், எல்லாருக்கும் நேர்வதே. அப்போது மனம் சொல்லும் வாக்கியங்கள் நமக்கு மனப்பாடம்: ‘உனக்கு வெட்கமே இல்லை’, ‘நீ திருந்தவே மாட்டாய்’, ‘நாளைக்கு ஒன்றும் உண்ணாதே’. இந்தக் கடிந்துரை ஒழுக்கத்தை வளர்க்கும் என்று நாம் நம்பி வளர்ந்திருக்கிறோம். நடப்பது வேறு. வெட்கம் தானே ஒரு தாங்க முடியாத உணர்ச்சி. அதைத் தணிக்க மனம் தேடுவதும் உணவைத்தான். மறுநாள் பட்டினி கிடந்தால், இரவுக்குள் பசியும் சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு ஓர் இரவின் மிகுதி ஒரு வாரத்தின் மிகுதியாகிறது.

2007இல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான சான்று. உணவைக் கட்டுப்படுத்தி வாழும் பெண்களை ஒரு டோனட் உண்ணச் செய்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம், ‘எல்லாரும் சில வேளை இதைப் போன்றவற்றை உண்கிறார்கள், உங்கள்மீது கடுமை காட்ட வேண்டாம்’ என்ற பொருளில் பேசினார்கள். பிறகு மிட்டாய்களைச் சுவைக்கக் கொடுத்தபோது, அந்தக் கனிவான சொற்களைக் கேட்டவர்கள் கேளாதவர்களைவிடக் குறைவாக உண்டார்கள். கனிவு காட்டினால் கட்டு அவிழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இது மறுப்பு.

ஆகவே மறுநாள் காலைக்கென்று ஒரு நடைமுறையை இப்போதே எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். வழக்கமான நேரத்தில் வழக்கமாகப் பசியாறுவது அதில் முதல் வரியாக இருக்கட்டும். இரவு உண்டதை ஈடுகட்டக் குறைக்க வேண்டாம், கூடுதலாக ஓடவும் வேண்டாம், எடைக்கருவியில் ஏறவும் வேண்டாம். இரண்டாவதாக, உங்கள் நெருங்கிய தோழிக்கு இது நேர்ந்திருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ அதை உங்களிடம் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. ‘நேற்று ரொம்பக் கஷ்டமான நாள். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தாய். இன்றைக்குப் பசியாறு’ என்பது போதும். மூன்றாவதாக, மனம் அடங்கிய பிறகு, குறிப்பேட்டில் அந்த இரவைப் பின்னோக்கி நடந்து பாருங்கள். உண்பதற்கு முன்பு என்ன, அதற்கு முன்பு என்ன, அன்று மதியம் உண்டீர்களா, முந்திய இரவு தூங்கினீர்களா? அந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் ஒரு சிறு மாற்றம் செய்திருக்க முடியும் என்று ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘மூன்று மணிக்கு ஒரு வாழைப்பழம் உண்டிருக்கலாம்’ என்பது சிறந்த முடிவு. ‘இனி இனிப்பே வாங்க மாட்டேன்’ என்பது மீண்டும் சுழலுக்குள் தள்ளும் முடிவு.

மீண்டெழும் ஆற்றல் என்று உளவியல் சொல்வது இத்தகைய திரும்பி வருதல்களால் உருவாவதே. பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த இரும்பு மனம் என்று அதை எண்ண வேண்டாம். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் உள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், வறுமையும் குடும்பச் சிதைவும் சூழ வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்ததைக் கண்டார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றுள் முதன்மையானது, அவர்களை ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரேனும் அருகில் இருந்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செயல் ஒன்று: அளவுமீறி உண்ட மறுநாள், அறிவுரை கூறாமல் கேட்கக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். ஒளித்து வைத்த பாக்கெட்டும் ஒளித்து வைத்த வெட்கமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

வீடும் விருந்தும்

‘என்னம்மா, இப்படி உடம்பு போட்டுட்ட?’ என்று கல்யாண வாசலிலேயே கேட்கும் உறவினர், அடுத்த ஐந்து நிமிடத்தில், ‘என்ன இது, கோழி கொத்துற மாதிரி சாப்பிடுற, இன்னும் போட்டுக்கோ’ என்று இலையில் பரிமாறவும் செய்வார். இரண்டும் பாசத்தின் பெயரால் வருவதால் பதில் சொல்வது கடினம். ஆனால் எடையைப் பற்றிய கிண்டலும் கடிந்துரையும் மனஅழுத்தத்தையும் மிகுதியாக உண்பதையும் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போவதற்கு முன்பே இரண்டு விடைகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். ‘அத்தை, என் உடம்பைப் பற்றி டாக்டரோடு பேசிக்கிட்டு இருக்கேன், நாம வேற பேசுவோம்’ என்பது முதல் கேள்விக்கு. ‘ரொம்ப நல்லா இருக்கு, வயிறு நிறைஞ்சிடுச்சு, கொஞ்சம் கட்டிக் கொடுங்க, நாளைக்குச் சாப்பிடறேன்’ என்பது இரண்டாவதற்கு. உணவை மறுத்ததாகவும் ஆகாது. விருந்துக்காகப் பகலில் பட்டினி கிடந்து போகாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். தட்டை எட்டிப் பார்ப்பதையும், முறுக்கு டப்பாவை ஒளித்து வைப்பதையும், ‘இது உனக்குத் தேவையா’ என்று கேட்பதையும் நிறுத்துங்கள். ‘இன்றைக்கு நாள் எப்படிப் போச்சு?’ என்று கேட்டு, விடையை இறுதிவரை கேளுங்கள்; மாலையில் ஒன்றாக நடக்க வாருங்கள்; குடும்பத்தில் அனைவரும் ஒரே உணவை ஒரே நேரத்தில் உண்ணுங்கள். ஒருவருக்கு மட்டும் தனித்தட்டு வைப்பது தண்டனையாகவே உணரப்படும்.

துணை தேட வேண்டிய நேரம்

குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாத உணர்வோடு உண்பது வாரத்துக்கு ஒரு முறையேனும் மூன்று மாதமாக நடந்து, அது மனத்தை வருத்துகிறது என்றால், அதற்கு மிகையுண்ணல் நோய் என்ற மருத்துவ அடையாளம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் அதைத் தனி நோயாகவே தன் கையேட்டில் சேர்த்தது. உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுதல், பேதி மாத்திரை எடுத்தல், இரவில் எழுந்து உண்ணாமல் மீண்டும் தூங்க முடியாமை, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வு, வாழ விருப்பமின்மை ஆகியவை இருந்தாலும் தனியாகச் சமாளிக்க முயல வேண்டாம்.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மனநலப் பரிசோதனைக்கான வினாத்தாளைக் கேட்டு வாங்கலாம். அங்கிருந்து உணவியலாளரிடமோ, மனநல மருத்துவரிடமோ, சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையத்துக்கோ அனுப்பி வைப்பார்கள். தனியாரிடம் போவதானால், ஆலோசகர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. சுகாதார அமைச்சின் 15555 என்ற உளவியல் உதவி எண்ணும், மனத்துயரில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணும் உள்ளன. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றக் கற்றுத்தரும் அறிவு நடத்தைச் சிகிச்சை மிகையுண்ணலைக் குறைப்பதில் நன்கு நிறுவப்பட்டது. ஆனால் அதனால் மட்டும் எடை பெரிதாகக் குறைவதில்லை என்பதையும் அறிந்தே செல்லுங்கள். எடைக்கு மருந்தோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்பட்டால் அது தனி முடிவு; அதை நாடுவதில் தோல்வி எதுவும் இல்லை, மனத்துக்கான இந்தப் பயிற்சிகள் அப்போதும் தொடர வேண்டும்.

மருத்துவரிடம் என்ன சொல்வது என்று தயங்கினால், குறிப்பேட்டின் இரண்டு வாரப் பக்கங்களை அப்படியே அவர் முன் வையுங்கள். எடையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அவர் அனுப்பப் பார்த்தால், ‘டாக்டர், பசியில்லாமலே உண்கிறேன், நிறுத்த முடியவில்லை, அதற்கு உதவி வேண்டும்’ என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தயக்கமாக இருந்தால் முன்னதாகவே தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்களா என்று பதிவு முகப்பிலேயே விசாரிக்கலாம்.